பூட்டைத் திறக்க ஒரு தாம்பாளம்

"நடுவுல நிக்கிறவனுக்கு வாய் இருக்கக் கூடாது" என்றோ, "கை இருக்கக் கூடாது" என்றோ என் கல்யாணப் பந்தலில் மைக்கைப் பிடித்து ஒரு பெரியப்பா பேசினார். ஏலக்காய்த் தரகர். எதைச் சொன்னார் என்பது நினைவில்லை, எனக்குப் பசி. இருபது வருஷம் கழித்து நானும் நடுவில் நிற்கும் தொழிலுக்கு வந்த பிறகு, அன்றைக்குக் காதைக் கொடுத்துக் கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

தொழில் இதுதான். கிரிப்டோ காசு விற்பவரும் வாங்குபவரும் முன்பின் தெரியாதவர்கள். யார் முதலில் கொடுத்தாலும் அவர் ஏமாற வாய்ப்பிருக்கிறது. அதனால் விற்பவர் காசை ஸ்மார்ட் காண்ட்ராக்ட் என்ற நிரலுக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். வாங்குபவர் வங்கி வழியாக ரூபாய் அனுப்புவார். ரூபாய் வந்ததும் இருவரும் போனில் ஆளுக்கொரு பொத்தானை அழுத்தினால் காசு வாங்கியவருக்குப் போய்விடும். அந்தப் பொத்தான்தான் சாவி. தகராறு வந்தால் தீர்த்துவைக்க மூன்றாவது சாவி என்னிடம் இருக்கும். மூன்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் பூட்டு திறக்கும். குமுளியில் மலையாளத்திலும் கம்பத்தில் தமிழிலும் படித்தவன் நான். இரண்டிலும் இதை விளக்கிப் பார்த்துத் தோற்று, "பூட்டு" என்றே சொல்லப் பழகிக்கொண்டேன்.

பெங்களூரு வேலையை விட்டு வந்து, சின்னமனூரில் உரக்கடை மாடியில் இதை ஆரம்பித்தேன். என் மனைவி கலா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். தை பிறப்பதற்குள் கடை வாடகையைக் கமிஷனிலிருந்து கட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால், திரும்பக் கூப்பிடும் பழைய கம்பெனிக்குச் சரி என்று எழுத வேண்டும். வீட்டுத் தரகு, கல்யாணத் தரகு, மாட்டுத் தரகு என்று ஏதோ ஒன்றில் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, மேலே படியுங்கள். உங்களுக்குத்தான் புரியும்.

பெட்டி எங்கே

முதலில் வந்தவர் உத்தமபாளையத்து ரசாக் பாய், வாழை விவசாயி. மருமகன் அனுப்பிய காசை விற்க வேண்டும். பூட்டெல்லாம் சரி, பூட்டு தொங்குகிற பெட்டியைக் காட்டு என்றார். பெட்டி என்று தனியாக இல்லை, உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அதன் நகல் இருக்கிறது, யாராலும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் மேஜைக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"எல்லா எடத்துலயும் இருக்குன்னா, அப்ப களவாணி வீட்லயும் இருக்கும்ல தம்பி?"

இருக்கும். அதுதான் கஷ்டம்.

மாதிரி

போடி பஜாரில் ஏலக்காய் மொத்த வியாபாரம் செய்யும் சாமுவேல் அண்ணாச்சி இருநூறு காசு வாங்க வந்தார். காசு போய்ச் சேர வேண்டிய அவருடைய போன் கணக்கின் முகவரி சரிதானா என்று பார்க்க, பூட்டுக்கு முன்னால் அஞ்சு காசு மட்டும் அனுப்பிச் சோதிக்கலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அஞ்சு போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, சரக்கு நல்ல சரக்கு என்று தலையாட்டினார். மீதி நூற்றுத் தொண்ணூற்றைந்தைப் பூட்டியதும், அஞ்சு குறைகிறதே என்றார்.

அதுதான் முதலிலேயே வந்துவிட்டதே என்றேன். அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார். அந்த அஞ்சு என் கமிஷனிலிருந்து போனது.

"மாதிரி பாத்த காயை எந்தக் கடையில தம்பி திருப்பிக் குடுத்துருக்காக?"

இரண்டாவது டீ

இந்தத் தொழிலின் அழகே, ஆள் ஆளைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான். ஆனால் நம் பக்கத்தில் முகம் பார்க்காமல் யாரும் பொத்தானை அழுத்த மாட்டார்கள். பஸ் ஏறி வந்து என் பெஞ்சில் அருகருகே உட்காருவார்கள். வங்கிச் செய்தி வரும்வரை சும்மா இருக்க முடியாதே என்று நான் டீ வாங்கிக் கொடுப்பேன்.

தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது பெரிய பேரம் ஒன்று வந்தது. அது முடிந்தால் வாடகை வந்துவிடும். விற்பவர் பண்ணைப்புரம் பாண்டியம்மாள் அக்கா, திராட்சைத் தோட்டக்காரர். மகள் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் படம் வரைந்து சம்பாதித்த காசு. வாங்குபவர் தேவதானப்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜெயராமன். காசைப் பூட்டியாயிற்று, ரூபாயும் அனுப்பியாயிற்று. முதல் டீயில் ஊர் கேட்டார்கள். இரண்டாவது டீயில் ஜெயராமனின் மனைவிக்குப் பாண்டியம்மாள் அக்கா சின்னம்மா முறை என்று தெரிந்துவிட்டது. அவர் "அத்தே" என்றார், இவர் "மாப்ள" என்றார். வாடகை வந்துவிட்டது என்று நான் மூன்றாவது டீ சொன்னேன்.

அப்போதுதான் அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். போன வருஷம் மகனுக்குக் காதுகுத்து வைத்தீர்களே, எனக்கு எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். ஜெயராமன் வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பத்திரிகையைப் போனில் அனுப்பியிருந்தார்கள். வங்கிச் செய்தி டிங் என்று வந்தது. அக்கா அதை நிதானமாகப் படித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"ரூவா வந்துருச்சு, அதுல ஒரு கொறையுமில்ல. வாட்சப்புல பத்திரிக்கை வச்சவுகளுக்கு வாட்சப்புலயே காசு வரட்டும்."

தாம்பாளம்

மூன்று நாள் பூட்டு திறக்கவில்லை. ஜெயராமன் தன் சாவியை அன்றைக்கே போட்டுவிட்டார். ரூபாய் வந்துவிட்டது, நியாயம் அவர் பக்கம். நான் என் சாவியைப் போட்டால் காசு அவருக்கு, வாடகை எனக்கு. ஆனால் போட்ட மறுநாளிலிருந்து பண்ணைப்புரத்து ஆள் ஒருவர்கூட என் மாடிப்படி ஏற மாட்டார். ஒரு ஊர் போனால் அதன் சம்பந்தி ஊர்களும் போகும். நிரல் எழுதியவர்கள் எத்தனையோ தகராறுகளை யோசித்திருந்தார்கள், காதுகுத்தை யோசிக்கவில்லை.

நாலாம் நாள் காலை ஜெயராமனையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு பண்ணைப்புரத்துக்குப் போனேன். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மிச்சமிருந்த பழைய பத்திரிகை ஒன்று. காது குத்தப்பட்ட பயல் கடுக்கனோடு தன் காதுகுத்துக்குத் தானே அழைக்க வந்தான். தாம்பாளத்தை யார் நீட்டுவது என்று கணவனும் மனைவியும் வாசலில் முறைத்துக்கொண்டதால் நடுவில் நின்ற நான் நீட்டினேன், வாயைத் திறக்காமல்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். தன் வீட்டுக்காரர் பெயர் உறவுக்காரர் வரிசையில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். இருந்தது. பயலைக் கிட்டே கூப்பிட்டுக் காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். ஜெயராமன் போனில் காசு வந்து விழுந்தது. அக்கா தேதியை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அன்னைக்குக் கோம்பையில ஒரு வீட்டுப் பால்காய்ப்பு. கூப்புட்டுருந்தாலும் நான் வந்துருக்க மாட்டேன்."

சாயங்காலம் வாடகையைக் கட்டி, பெங்களூருக்கு வரவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டு, கடைக்கு வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பதை நிறுத்தினேன்.