வளையம் விடுப்பில் இருந்த வருடம்

வாங்கப்போகும் பொருளுக்கு விவரக்குறிப்பு எழுதுவதில் எனக்கு ஈடு கிடையாது என்று எங்கள் கல்லூரியில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் நான்தான்.

ஒத்தக்கடைப் பக்கத்துக் கல்லூரி. அதில் இயற்பியல் விரிவுரையாளர் வேலையோடு, துறைக்கு வரும் சாமான்களைச் சரிபார்த்துப் பதிவேட்டில் ஏற்றும் பொறுப்பும் என்னுடையது. ஒரு தொலைநோக்கி வேண்டும் என்று ஆறு வருடம் விடாமல் கோப்பு அனுப்பினேன். ஒவ்வொரு வருடமும் ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. அதில் ஒன்று இன்றும் நினைவிருக்கிறது: “ஏற்கெனவே கையிருப்பில் உள்ள நுண்ணோக்கியைக் கொண்டு இவ்வேலையைச் செய்ய இயலாதா?”

எழுபத்தொன்பதில் ஒருவழியாக அனுமதி கிடைத்தது. மகிழ்ச்சியில் பன்னிரண்டு பிரிவுகள் கொண்ட விவரக்குறிப்பு எழுதினேன். ஒன்பதாம் பிரிவு: “சனிக் கோளின் வளையம் கோளிலிருந்து பிரிந்து தெளிவாகத் தெரிதல் வேண்டும்.” எழுதிவிட்டு நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன்.

பொருள் வந்து முப்பது நாளுக்குள், எல்லாப் பிரிவுகளும் நிறைவேறின என்று இருவர் நேரில் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஒருவர் துறைக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொருள் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். கடுமையான விதி. வேதியியல் துறைக்கு ஒரு தராசு உடைந்து வந்தபோது அந்த விதியை எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

தொலைநோக்கி எண்பது மார்ச்சில் மரப்பெட்டியில் வந்தது. பரீட்சை வேலைகளில் நாள் ஓடி, இருபத்தேழாம் நாள் மாலையில்தான் அதை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். கூட வந்தவர் எங்கள் அட்டெண்டர். பேரையூர்க்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். கிழக்கே செவ்வாய், வியாழன், சனி மூன்றும் ஏறி நின்றன. ஆறு வருட ஆசையோடு சனியைப் பார்த்தேன்.

தோலுரித்த கொண்டைக்கடலை மாதிரி மஞ்சளாக ஓர் உருண்டை. அவ்வளவுதான். வில்லையை வேட்டி முனையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். வில்லையைத் துணியால் துடைக்கக் கூடாது என்று ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டியிருப்பதும் என் கையெழுத்துதான்.

அட்டெண்டர் குனிந்து பார்த்தார். “நல்லாத்தான சார் தெரியுது, உருண்டையா.”

“வளையத்தக் காணோம்.”

“பொட்டியில தங்கிருச்சோ? வைக்கலக் கொட்டிப் பாக்கட்டா?”

மறுநாள் காலை நூலகத்தில் விடை கிடைத்தது. சனியின் வளையம் அகலம் அதிகம், தடிமன் மிகக் குறைவு. சுமார் பதினைந்து வருடங்களுக்கு ஒருமுறை அதன் விளிம்பு நம் பக்கம் திரும்பும். அப்போது சிறிய தொலைநோக்கிக்கு அது இல்லாததுபோலவே ஆகிவிடும். இது அந்த வருடம். புத்தகத்தைக் கடைசியாக எடுத்துப் போயிருந்தவர் யார் என்று அட்டையைப் பார்த்தேன். நான்தான்.

இனி எல்லாம் இரண்டாவது கையொப்பத்தில் இருந்தது. அதைப் போட வேண்டியவர் அலுவலகக் கண்காணிப்பாளர். முற்றுப்புள்ளி விட்டுப்போனால்கூடக் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர். சிம்ம ராசி, ஏழரை நாட்டுச் சனி நடக்கிறது என்று சனிக்கிழமை தவறாமல் எள் விளக்குப் போடுபவர். நுண்ணோக்கிக் கேள்வியைக் கேட்டவரும் அவரே.

அன்று மாலை அவர் கோப்போடு மாடிக்கு வந்தார். அட்டெண்டரும் கூட இருந்தார். முதலில் வியாழனைக் காட்டினேன்.

“குரு பாக்கக் கோடி நன்மைம்பாக. நாமளும் அவரப் பாத்து வைப்போம்” என்று குனிந்தவர் பத்து நிமிடம் நிமிரவில்லை. “என்ன சார், கோடு கோடா இருக்கு?”

“மேகம். போன வருசம் விண்கலம் போயிப் படம் எடுத்து அனுப்புச்சுல்ல, நம்ம டிபார்ட்மென்ட் சுவத்துல ஒட்டியிருக்கே. அந்தக் கோடுதான்.”

“மேகத்துக்குக் கீழ தரை எப்படி?”

“தரைன்னு ஒண்ணு கெடையாது. பூராம் வாயுதான்.”

“அம்புட்டுப் பெரிய எடத்துல ஒரு செண்டு மனை தேறாதாண்ணே?” என்றார் அட்டெண்டர். ஒத்தக்கடையில் வயலெல்லாம் கல் ஊன்றி மனையாகிக்கொண்டிருந்த காலம்.

பிறகு தொலைநோக்கியைச் சனி பக்கம் திருப்பினேன். கண்காணிப்பாளர் இரண்டடி பின்னால் போனார்.

“இத நான் பாக்க மாட்டேன் சார். சன்னதியிலயே நேருக்கு நேரா நிக்காம ஓரமா நின்னு கும்புடுறவன். நீங்க நூறு மடங்கு பெருசாக்கி வேற வச்சிருக்கீக.”

“பாக்காம எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க?”

“போட மாட்டேன்.”

அவர் சொன்னதில் விதிப்படி ஒரு பிழையும் இல்லை. நாளை மறுநாள் பெட்டி திரும்பிப் போகும். இன்னொரு ஆறு வருடம் கோப்பு எழுத எனக்குத் தெம்பு இல்லை. வேறு வழி தோன்றாமல், பெட்டியோடு வந்த பட்டியலைக் கையில் எடுத்தேன். குழப்பம் வந்தால் பட்டியலைச் சரிபார்ப்பது என் வழக்கம். ஏழாவது உருப்படி: கோணக் கண்ணாடி, ஒன்று.

“அண்ணே, ஒரு நிமிசம் நில்லுங்க” என்று அட்டெண்டர் கீழே ஓடி, வைக்கோலுக்குள்ளிருந்து எண்ணெய்த்தாள் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்தார். அதைக் குழாயின் முனையில் மாட்டினேன். இப்போது பார்ப்பவர் வானத்தை நோக்கி நிற்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் நின்று குனிந்தால் போதும். உள்ளே இருக்கும் கண்ணாடி ஒளியைத் திருப்பிக் கொடுக்கும்.

“இப்ப நீங்க சனிக்கு ஓரமாத்தான் நிக்கிறீங்க. பாக்கப்போறதும் கண்ணாடியில விழுற உருவம்தான். நேர்ப் பார்வைன்னு யாரும் சொல்ல முடியாது.”

அவர் இதைக் கோப்பில் வந்த குறிப்பைப் போல இரண்டு பக்கமும் யோசித்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்தார்.

“வளையம் எங்க சார்?”

உண்மையைச் சொன்னேன். கோப்பின் அட்டையைக் கண்ணுக்கு நேரே விளிம்பாகப் பிடித்துக் காட்டி, புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்து, ஒன்பதாம் பிரிவு என் அவசரத்தில் வந்தது என்றும் ஒத்துக்கொண்டேன். என் பணிக்காலத்தில் வாய்மொழியாகப் பிழையை ஒத்துக்கொண்டது அந்த ஒரு முறைதான். எழுத்தில் ஒருமுறையும் இல்லை.

அவர் மறுபடி குனிந்தார்.

“அஞ்சு வருசமா இவனுக்குப் பயந்து எள்ளு வெளக்குப் போடுறேன். இருந்த ஒத்த நகையும் இல்லாம மொட்டையா நிக்கிறான். அவனுக்கே நேரம் சரியில்ல போல.”

“ஏழரையா இருக்கும்ணே” என்றார் அட்டெண்டர்.

மாடிப்படி விளக்குக்கு அடியில் கண்காணிப்பாளர் கோப்பைத் திறந்தார். “திரும்பி வருமா?”

“வருசக் கடைசியில பாக்கலாம். விடியக்காலையில.”

“வருமுன்னா இது குறைபாடு இல்ல சார். விடுப்பு.” ஒன்பதாம் பிரிவுக்கு நேரே எழுதினார்: “வளையம் தற்சமயம் விடுப்பில் உள்ளது. திரும்பியதும் சரிபார்க்கப்படும்.” கையொப்பம், தேதி. என் வாழ்க்கையில் நான் பொறாமைப்பட்ட ஒரே அலுவலகக் குறிப்பு அது. வில்லாபுரத்து வீட்டுக்கு வண்டி மாறிப் போகும்வரை அதையே மனதுக்குள் வாசித்துக்கொண்டு போனேன்.

நவம்பரில் ஒரு விண்கலம் சனியைக் கடந்து போனது. ஒரு வளையம் என்று நினைத்திருந்ததில் ஆயிரம் மெல்லிய வளையங்கள் இருப்பதாகப் பத்திரிகைகள் படம் போட்டன. நான் படத்தை வெட்டி ஒட்டியதோடு சரி. நிலுவையில் இருந்த குறிப்பை மறந்துவிட்டேன்.

அவர் மறக்கவில்லை. மார்கழியில், “நாளைக்கு விடியக்காலை மாடிக்கு வாரேன், சாவியோட இருங்க” என்றார். அதற்காக நான் முதல் நாள் இரவே வந்து ஆய்வக பெஞ்சில் படுக்க வேண்டியதாயிற்று. மப்ளர் சுற்றி, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தார். நான் கோணக் கண்ணாடியை மாட்டப் போனேன்.

“அது வேணாம் சார். நேராவே பாக்குறேன். பழகியாச்சுல்ல.”

பார்த்தார். கடலையில் ஊசி குத்தியதுபோல இரண்டு பக்கமும் மெல்லிசாக நீட்டிக்கொண்டு வளையம் நின்றது. நிமிர்ந்து, பேனாவை உதறி, பழைய குறிப்புக்குக் கீழே எழுதிக் கோப்பை என்னிடம் கொடுத்தார்.

“பணியில் சேர்ந்தது. முற்பகல்.”