கொம்பில்லாத ஆள்

கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கு வாரம் ஒருநாள் ஓவியம் சொல்லித்தரப் போவேன். வாசலில் வாட்ச்மேன். சாயம் போட்ட மீசை, சட்டைப்பையில் பழைய பட்டன் போன். ஒவ்வொரு வாரமும் என்னை நிறுத்தி, "யாரப் பாக்கணும்?" என்று கேட்டு நோட்டை நீட்டுவார். தெரிந்த முகத்திடம் என்ன கேள்வி என்று எரிச்சலாக வரும்.

ஒருநாள், செல்போனில் பேச வரும் முன்பின் தெரியாதவர்களைப் பற்றிப் பிள்ளைகள் சேர்ந்து சுவரில் படம் வரைந்தார்கள். போனுக்குள்ளிருந்து கொம்பும் கோரைப்பல்லுமாக ஒருவன் எட்டிப் பார்த்தான். டீ வாங்கிவந்த வாட்ச்மேன் நின்று பார்த்தார்.

"இன்னாம்மா இது? கொம்போட வந்தா நானே தொரத்திடுவேன். அவன் சிரிச்சிக்கினு வருவான். உன் பேரச் சொல்லிக் கூப்புடுவான்."

பிறகு ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கொம்பின்மேல் வெள்ளையடித்துவிட்டு, அந்த முகத்தில் அழகான சிரிப்பை வரைந்தாள். பக்கத்தில் பெரிதாக எழுதினாள்: யாரப் பாக்கணும்?

பட்டன் போன்காரருக்கு இது எப்படித் தெரிந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தேன். அந்தச் சிறுமி குறுக்கே வந்து நின்றாள்.

"யாரப் பாக்கணும், மிஸ்?"

வாட்ச்மேன் நோட்டை அவளிடம் கொடுத்தார். நான் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவள் வழிவிட்டாள்.