நீளாத முழங்கை

பிரசாத் கம்பியைப் பிடிக்கும் முன் மணல் எடுப்பான். மேல்மணல் ஆகாது, அதில் பனி இறங்கியிருக்கும். ஆள்காட்டி விரலால் ஒரு கணு ஆழம் தோண்டி, அடியில் உலர்ந்து கிடப்பதைக் கிள்ளி எடுப்பான். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, விரலிடுக்குகள் வழியே உதிர விடுவான். ஒட்டிக்கொண்டு மிஞ்சியதை ஊதுவான்; இடது கைக்கு ஒரு ஊது, வலது கைக்கு இரண்டு. அதற்குப் பிறகுதான் அண்ணாந்து பார்ப்பான்.

நொச்சிக்குப்பத்தில், லூப் ரோட்டை ஒட்டிய மணலில், இரண்டு சவுக்குக் கம்பங்களின் மேல் படகுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய இரும்புக் குழாய் அது. அவனே கட்டியது. விடிந்ததும் நான் அங்கே போய் நிற்பேன். அவன் ஓடும்போது போனில் நேரம் பார்க்க வேண்டும், தொங்கும்போது எண்ண வேண்டும். அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். அக்னிவீர் வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட அங்கே வந்தவன்தான் பிரசாத். நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் இருந்த என் கவிதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான்.

"இன்னா மச்சி, பாதிப் பக்கம் சும்மா கீது? எழுதுனவனுக்கு மேட்டர் பத்தலயா?"

சிரித்தேன். பழக்கம் அப்படித் தொடங்கியது.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். மிச்சம் இருந்தது உடல்தகுதித் தேர்வு. ஒன்று புள்ளி ஆறு கிலோமீட்டரை ஐந்தே முக்கால் நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். குறுகலான கட்டைமேல் தடுமாறாமல் நடக்க வேண்டும். கடைசியாக பீம்: கம்பியில் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வரும்வரை உடம்பை இழுக்க வேண்டும், குறைந்தது ஆறு முறை. எது ஒன்றில் குறைந்தாலும் வெளியே. அடுத்த வருடம் அவனுக்கு வயது தாண்டிவிடும். ஆக, இது ஒன்றுதான்.

ஓட்டத்தைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. பீமைப் பற்றிக் கவலையே இல்லை. தினமும் பன்னிரண்டு எடுப்பான்.

தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது சர்தார் வந்தான். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை. போன வருடம் இதே தேர்வில் தோற்றவன். ஓட்டம் பழகும் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் பிரசாத்துக்குப் பழக்கம்.

"இந்தத் தடவ நானும் கீறேன். உனுக்கு அடுத்த நாள் என் பேட்ச்சு," என்றான். பைக்கின் மேல் சாய்ந்து நின்று பிரசாத் தொங்குவதைப் பார்த்தான். நான் "பன்னெண்டு" என்று சொல்லி முடித்ததும் சிரித்தான்.

"யாரு நைனா கணக்குப் புள்ள? ஒண்ணுகூட வராது இதுல."

"இன்னா வராது?" பிரசாத் கீழே குதித்தான்.

"கீழ எறங்கறப்போ கை முழுசா நீளணும். உனுக்கு முட்டி மடங்கியே நிக்கிது. அங்க அத்த எண்ண மாட்டாங்கோ. போன வருசம் நான் பத்து அடிச்சேன். ஹவில்தார் அஞ்சுன்னு சொல்லி அனுப்சிட்டாரு."

பிரசாத் மறுபடி ஏறினான். இந்த முறை சர்தார் அவன் முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றான். கை நேராகத் தொங்கிய பிறகுதான் அடுத்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதில் காலை உதறினான், தோள் நடுங்கியது, விழுந்தான்.

எழுந்ததும் என்னைத்தான் பார்த்தான்.

"நீதானடா எண்ணிக்கினு இருந்த? நாலு மாசமா எண்ணிக்கினு இருந்தியே, கண்ண எங்க வச்சிருந்த?"

மோவாயில் வைத்திருந்தேன். மோவாய் கம்பியைத் தாண்டினால் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

மீன் சந்தைக்குக் கூடையோடு கிளம்பிய அவன் அம்மா கெங்கம்மா சத்தம் கேட்டு நின்றார். விஷயத்தைக் கேட்டதும் கூடையைக் கீழே இறக்கினார்.

"அவன் கை எப்டிப்பா நீளும்? பதினஞ்சு வயசுலேந்து வலை இழுக்கறான். இழுத்த கயித்த ஒரு சாண் வுட்டா கடலு ரெண்டு ஆள் நீளம் புடுங்கிக்கும். முட்டிய நீட்டாத, நீட்டாதன்னு அவன் மாமன் முதுவுலயே போட்டுப் பழக்குனது. போலீசுக்குப் போடான்னேன், மில்ட்ரிதான்னு நிக்கிறான்."

"அப்ப எட்டு நாளைக்கு கடலுக்குப் போவாத," என்றான் சர்தார்.

மாமாவின் படகில் ஓர் ஆள் குறைந்தது. மாமா குப்பம் முழுக்கக் கேட்கும்படி திட்டினார். பிரசாத் காதில் வாங்கவில்லை. சர்தார் தினமும் காலை ஆறுக்கு முன் வந்து நின்றான். "வுடு, வுடு, இன்னும் வுடு" என்று கீழேயிருந்து கத்துவான். விடுவதுதான் பிரசாத்துக்கு வரவில்லை. பாதி இறங்கியதும் அவன் கை தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆறு வருடமாக அந்தக் கை கற்றிருந்தது அது ஒன்றைத்தான். "பயப்படாத, கம்பி எங்கயும் ஓடாது, அது மீனு இல்ல" என்று சர்தார் கிண்டல் செய்வான். மூன்றாம் நாள் நான்கு வந்தது. ஆறாம் நாள் ஐந்து. ஏழாம் நாள் மறுபடி நான்கு. எட்டாம் நாள் ஓய்வு. ஆறு என்று ஒரு நாளும் நான் சொல்லவில்லை. அந்த வாரம் கடையில் இரண்டு முறை தப்பான பக்கத்தை நகலெடுத்துத் திட்டு வாங்கினேன்.

தேர்வன்று மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே நானும் கெங்கம்மாவும் சர்தாரும் நின்றோம். உள்ளே தேறியவர்களை வலப்பக்கம் உட்கார வைத்தார்கள். தோற்றவர்கள் இடப்பக்கக் கதவு வழியாக ரோட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். சிலர் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தார்கள்.

ஓட்டத்தில் பிரசாத், நேரம் முடிந்ததும் குறுக்கே இழுக்கும் கயிற்றுக்கு உள்ளே வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் தேறியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். பள்ளத்தைத் தாண்டினான். கட்டைமேல் நடந்தான். பிறகு பீமுக்கு அடியில் வரிசையில் நின்றான். கெங்கம்மாவின் கை வேலிக் கம்பியைப் பிடித்திருந்தது.

பிரசாத் தொங்கினான். இந்த முறை நான் முழங்கையை மட்டும் பார்த்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதுக்கு முன்னால் கை பாதியிலேயே பூட்டிக்கொண்டது. அப்படியே மேலே போனான். ஹவில்தார் தலையை ஆட்டினார்.

"இன்னாடா, ஏன் தலைய ஆட்டறாரு?"

"அது போச்சும்மா," என்றான் சர்தார். "மூணுதான்."

பிரசாத்துக்கும் அது புரிந்திருக்க வேண்டும். கீழே இறங்கி, கையை முழுக்க நீட்டித் தொங்கினான். அசையவில்லை. பக்கத்துக் கம்பியில் ஒருவன் ஏறி, முடித்து, இறங்கியும் போய்விட்டான். "தொங்கு, அவசரப்படாத, தொங்கு" என்று சர்தார் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். நான்கு. மறுபடி நீண்ட தொங்கல். ஐந்து. அவன் கால் விரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஆறாவதில் மூக்குவரை போய் நின்றான். அங்கேயே நின்றான். ஹவில்தார் குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். பிரசாத் அண்ணாந்து, மோவாயைக் கம்பிக்கு மேலே தள்ளினான்.

விழுந்தவன் எழவில்லை. ஹவில்தார் அட்டையில் எதையோ எழுதினார். அவர் கை எந்தப் பக்கம் காட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வலப்பக்கம் காட்டியது.

கெங்கம்மா நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தினிப்பா?"

"ஆறும்மா."

"நீ எண்ணுனது வோணாம். அவரு எண்ணுனது எத்தினி?"

"அவரும் ஆறுதான்," என்று சொல்லி சர்தார் சிரித்தான்.

மருத்துவப் பரிசோதனையும் முடிந்து பிரசாத் பயிற்சிக்குப் போனான். சர்தாரிடம் அவன் பேட்ச் என்ன ஆயிற்று என்று போனில் கேட்டேன். "ஓட்டத்துலயே போச்சு, வுடு" என்றான்.

மழைக்காலத்தில் ஒருநாள், ஏதோ கம்பெனி வேலைக்கு என்று பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை நகலெடுக்க சர்தார் கடைக்கு வந்தான். அவன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். கண்ணாடிமேல் சான்றிதழை வைக்கும்போது பிறந்த தேதி கண்ணில் பட்டது. விண்ணப்பம் போட்டுப் போட்டு அந்த வயதுக் கணக்கு எனக்கு மனப்பாடம். பிரசாத் விண்ணப்பம் போடுவதற்கு ஏழு மாதம் முன்பே சர்தாருக்கு வயது வரம்பு தாண்டியிருந்தது. அந்த வருடம் அவனுக்குப் பேட்ச் எதுவும் இருந்திருக்க முடியாது.