வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

அவருக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை. சாப்பிடும்போதே ஒரு கால் வாசலைப் பார்த்து இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் நிற்கப் பொறுமையில்லாமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடப்பார். பாதி வழியில் பேருந்து அவரைத் தாண்டிப் போய்விடும். "கொஞ்சம் உக்காருங்களேன்" என்று மனைவி சொன்னால், "உக்காந்துட்டா வேலை தானா நடக்குமா?" என்பார். என்ன வேலை என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இப்படி ஒருவருக்குச் சாலைத் துறையில் வேலி வெட்டும் வேலை அமைந்தது. டிராக்டரின் பக்கவாட்டில் நீளமாக ஒரு இரும்புக் கை, அதன் நுனியில் சுழலும் கத்தி. சாலையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு முட்செடி வேலி. விட்டால் கிளை வளர்ந்து வளைவில் எதிரே வரும் வண்டியை மறைத்துவிடும். மற்றவர்கள் நாள் முழுக்கச் செய்கிற தூரத்தைப் பம்பரம் மதியத்துக்குள் முடித்துவிடுவார். அவருக்குப் பின்னால், முதுகில் காற்று ஊதும் எந்திரத்தைச் சுமந்தபடி கூட்டாளி வருவார். சாலையில் விழுந்ததை ஓரத்துக்கு ஊதித் தள்ளுவது அவர் பாடு. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பது மட்டும்தான் சாலை என்பது அந்தத் துறையில் யாரும் கேள்வி கேட்காத வேதம். மேற்பார்வையாளர் காரில் ஒரு சுற்று வருவார், கோட்டுக்கு உள்ளே துடைத்துவிட்டாற்போல் இருக்கும், தலையாட்டிவிட்டுப் போவார்.

கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தார் மிச்சம் இருந்தது. சைக்கிள்காரர்கள் அதில்தான் போனார்கள்.

அந்தச் சாலை முடிகிற இடத்தில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரி வேறு யாருமில்லை, பம்பரத்தின் மனைவிதான். ஊர் அவளைப் பஞ்சர் அக்கா என்று கூப்பிட்டது. பம்பரத்துக்கு ஏற்ற ஆணி. இருந்த இடத்தை விட்டு அசையமாட்டாள். முக்காலியில் உட்கார்ந்து, டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பமாட்டாள். அந்தக் கடையைத் தவிர உலகத்தில் அவள் தனக்கென்று எதையும் கேட்டதில்லை.

வெட்டிய அன்று முள் பச்சையாக இருக்கும், டயருக்குக் கீழே வளைந்து கொடுக்கும். சில நாள் வெயிலில் இலை உதிர்ந்து, முள் காய்ந்து ஆணியாக நிற்கும்போது பம்பரம் வேறு சாலையில் இருப்பார். ஓரத்தையும் கூட்டச் சொல்லி அவள் இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தாள். "வேலின்னா முள்ளு விழத்தான் செய்யும். பின்ன பூவா விழும்?" என்று சொல்லிவிட்டு அவர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல ஓடிவிட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் ஊர்த் தச்சர் சைக்கிளிலிருந்து விழுந்தார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையில் வேலைக்குப் போனவர். முன் சக்கரத்தில் முள் ஏறி, வண்டி ஆடி, பின்னால் வந்த லாரிக்குப் பயந்து வேலிப் பக்கம் சாய்ந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. தச்சருக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? லாரிக்கு அடியில் போகாமல் தப்பித்தாரே என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஆறுதலால் கதவு ஜன்னல் செய்ய முடியாது.

மறுநாள் தச்சரின் அம்மா அந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைப்பக்கம் வந்தாள். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"வண்டியைக் குடுங்கம்மா, நான் ஒட்டித் தர்றேன்" என்று எழுந்தாள் பஞ்சர் அக்கா.

"உன் ஒட்டு எனக்கு வேணாம்" என்றாள் அந்த அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. "உன் புருஷன் முள்ளு விதைக்கிறாரு, நீ இங்க உக்காந்து அறுவடை பண்றே. நல்ல குடும்பம்."

நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். காற்றில்லாத சக்கரம் தடதடக்க அந்த அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போனாள். பஞ்சர் அக்கா கையிலிருந்த வேலையை முடித்துக்கொடுத்தாள், தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தாள், கடைக் கதவை இழுத்துப் பூட்டினாள்.

பம்பரம் வேலையிலிருந்து வந்தபோது அவள் சமையலறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அது அவருக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது. வேலையில்லாமல் அந்தக் கைகளை அவர் பார்த்ததில்லை. அடுத்த நாளும் கடை திறக்கவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். நன்றாக இருந்த குழாயைக் கழற்றி மாட்டி ஒழுக வைத்தார். கூட்டாளியிடம் போய், "நீ ஒழுங்கா ஊதினியா?" என்று கத்தினார். "கோட்டுக்குள்ள ஒரு இலை காட்டுங்கண்ணே, பாப்போம்" என்றார் அவர். மேற்பார்வையாளரிடம் போனார். "நம்ம வேலை ரோட்டோட முடிஞ்சுதுப்பா" என்றார் அவர். பழி சுமத்த ஆள் தேடி ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து, "காத்து அடிச்சா முள்ளு பறந்து வரும், அதுக்கு நான் என்ன பண்ண?" என்று மனைவியிடமே கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அந்த ரோட்டுல நீங்க சைக்கிள்ல போயிருக்கீங்களா?"

"டிராக்டர்ல எத்தனையோ தடவை போயிருக்கேனே."

"சைக்கிள்ல."

அவளுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார், ரோஷத்தில். டிராக்டரின் மேலே உட்கார்ந்து பார்த்தபோது அந்தச் சாலை எவ்வளவு அகலம்! இப்போது ஒவ்வொரு காரும் காதை உரசிக்கொண்டு போனது. கோட்டுக்கு உள்ளேயே போகலாம் என்று வீம்பாக மிதித்தார். பின்னால் ஒரு லாரி ஒலி எழுப்பியதும் வீம்பு பறந்துபோய், தானாகவே கை ஓரத்துக்குத் திருப்பியது. அங்கே அவர் வெட்டிய வேலி பொடிப்பொடியாகக் காய்ந்து காத்துக்கொண்டிருந்தது. முன் சக்கரம் உஸ்ஸென்றது. இறங்குவதற்குள் பின் சக்கரமும் போனது. லாரி கடந்த காற்றில் உடம்பு ஒரு ஆட்டம் ஆடியது. கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்தபடி நின்றார். உள்ளங்கையில் முள் குத்தியதே அப்புறம்தான் தெரிந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். ஒட்டும் சாமான்களையும் ஒரு வாளித் தண்ணீரையும் அவர் முன்னால் வைத்தாள். "நீங்களே ஒட்டுங்க" என்றாள்.

பம்பரத்துக்கா ஒட்ட வரும்? தேய்க்கிற பொறுமை இல்லை, பசை காய்கிறவரை காத்திருக்கிற பொறுமை இல்லை. ஈரமாகவே வைத்து அழுத்தினார், காற்றடித்ததும் பிய்த்துக்கொண்டது. மறுபடி செய்தார், மறுபடி பிய்த்துக்கொண்டது. "பசை காயணும்" என்றாள் அவள். "அதுவரைக்கும் என்ன பண்றது?" என்றார். "சும்மா இருங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் துடைப்பமும் சாக்குமாக அந்தச் சாலைக்குப் போனார். எந்திரம் கொண்டுபோகவில்லை, ஊதினால் முள் இன்னொருவர் பக்கம் போகும் என்பது இப்போது தெரிந்துவிட்டது. குனிந்து, தாரின் வெடிப்புகளில் செருகியிருந்ததைக் கூடக் குச்சியால் நெம்பி எடுத்தார். காரில் போனவர்கள் ஒலி எழுப்பினார்கள். கூட்டாளி கேலி பேசினார், பிறகு அவரும் ஒரு துடைப்பத்தோடு வந்தார். வேலையிலும் வெட்டுகிற வேகம் குறைந்தது. "என்னப்பா, பம்பரத்துக்குச் சாட்டை அறுந்துபோச்சா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். பம்பரம் ஓரத்தைக் கையால் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

ஒன்றரை மாதம் ஆகி இரண்டு பக்கமும் முடிந்த பிறகு, அவளுடைய சைக்கிளில் ஏறி ஓரத்திலேயே போய் ஓரத்திலேயே திரும்பி வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தினார். அவள் குனிந்து முன் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், பின் சக்கரத்தையும் பார்த்தாள். உள்ளே போய்க் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அது ஒரு விடுமுறை நாள். கடை திறந்தது. ஒருவரும் வரவில்லை. சைக்கிள்கள் போய்க்கொண்டுதான் இருந்தன, மணியடித்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, ஒன்றுகூட நிற்கவில்லை. அவளால்தான் சும்மா இருக்க முடியவில்லை. திருப்புளிகளை அடுக்கினாள், கலைத்து மறுபடி அடுக்கினாள். பம்பரம் முக்காலியில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் தச்சரின் அம்மா வந்தாள். அதே சைக்கிள், அதே காற்றில்லாத சக்கரம். கடைக்குச் சற்றுத் தள்ளியே நின்றாள்.

"கட்டுப் பிரிச்சாச்சு" என்றாள். "நாளையிலேர்ந்து வேலைக்குப் போறான்."

பஞ்சர் அக்கா வண்டியை வாங்கக் கை நீட்டினாள். அதற்குள் பம்பரம் முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். டயரைக் கழற்றினார், முள்ளைத் தேடி எடுத்தார், தேய்த்தார், பசை தடவினார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

அந்த அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். மெல்லக் கிட்டே வந்து, அவர் விட்டுவந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நல்லா காயட்டும்ப்பா" என்றாள். "என் புள்ளை அதுலதான் போகணும்."