மிர்க்கோ நீட்டிய பாதிப் பாண்

மிர்க்கோ போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சூடை மீனுக்குத் தலை கிள்ளிக்கொண்டு நின்றேன். பலெர்மோக் கடற்கரைப் பக்கம், மொண்டெல்லோவில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்த உணவகத்தின் சமையலறை அது. வேலைக்கு நேரமாகியும் ஆளைக் காணவில்லை. "வரட்டும், இண்டைக்கு இருக்கு அவருக்கு" என்று வாய்க்குள் திட்டியபடி அவருடைய பங்கு மீனையும் நானே துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். உணவகத்து முதலாளியம்மா, சிஞ்ஞோரா, வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா. மிர்க்கோ பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிந்துவிட்டதாம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கடவுளே, செத்துப்போன மனிசனையா நான் விடிஞ்சதிலிருந்து திட்டிக்கொண்டு நிண்டனான்?

இத்தாலிக்கு வந்து இந்தப் பலெர்மோவில் இருக்கிற எங்கடை தமிழ் ஆட்களே, உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் பெடியள் பந்தடிக்கிற இடத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று தன் பாஷையில் கத்துகிற அந்த நெடிய மனிதர்தான். "உந்தச் சேர்பியாக்காரனுக்கு எங்கடை விளையாட்டிலை என்ன வந்தது?" என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். அவர் சம்பளத்துக்குப் பந்து விளையாடியவர், சேர்பியாவின் ஒரு சின்ன ஊரில், ஒரு சின்னக் கழகத்துக்குக் கோல் காத்தவர். எனக்குப் பந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அந்தக் கழகத்தின் கதையைச் சொல்ல இனி இந்த நகரத்தில் என்னை விட்டால் ஆளில்லை. உருளைக்கிழங்கு உரிக்கிறபோதெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது.

அந்த ஊரில் பீட் கிழங்கிலிருந்து சீனி எடுக்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. இரண்டு உலக யுத்தங்களுக்கும் நடுவில் அதன் தொழிலாளர்கள் சேர்ந்து கழகத்தைத் தொடங்கினார்கள். கிழங்கு ஏற்றிவந்த வண்டிகளின் மரத்தை நட்டுத்தான் கோல் கம்பம். சீனிச் சாக்கின் நீலமும் வெள்ளையும்தான் சட்டையின் நிறம். யுத்தம் வந்தபோது அணித்தலைவரை ஜெர்மன்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள், ஆள் திரும்பி வரவில்லை. மிஞ்சியிருந்த ஒரேயொரு பந்தை ஒரு தாய் மாப்பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தாவாம். பிறகு மெல்ல மெல்ல இரண்டாம் பிரிவு வரை ஏறினார்கள். தலைநகரத்துப் பெரிய கழகம் ஒன்றை மழைச் சேற்றில் வென்ற கதை வரும்போது மிர்க்கோ கத்தியைக் கீழே வைத்துவிடுவார். "அண்டைக்கு என்னைத் தாண்டி ஒரு பந்தும் உள்ளுக்குப் போகேல்லை, மரியா. ஊரிலை ஆரும் நித்திரை கொள்ளேல்லை" என்பார். என் பெயர் மேரி, அவருக்கு மரியா. நாங்கள் கதைத்ததெல்லாம் உடைந்த இத்தாலியனில். அதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

தொண்ணூறுகள் தொடங்க அவர்களுடைய நாடு உடைந்தது. முந்தின பருவத்தில் பஸ் ஏறிப் போய் விளையாடிய ஊர்களெல்லாம் வேறு நாடுகளாகிவிட்டன. "எங்களோடை எதிர்த்து விளையாடின பெடியளிலை பாதிப்பேர் அங்காலை துவக்கோடை நிண்டாங்கள்" என்று ஒருநாள் சொன்னார். எங்கடை யுத்தத்துக்குள்ளால் மன்னாரிலிருந்து வந்தவளுக்கு அதற்கு மேல் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொழிற்சாலையில் வேலை நின்றது. பஸ்ஸுக்கு எண்ணெய் இல்லாமல் வெளியூர் ஆட்டங்களுக்கு ட்ரக்டர் பெட்டியில் போனார்கள். மிர்க்கோவைப் படைக்கு வரச்சொல்லி அறிவித்தல் வந்தது. அவர் கப்பலேறி இத்தாலிக்கு ஓடிவந்தார். திரும்பிப் போனால் பிடித்து மறியலில் அடைப்பார்கள்.

சொன்னால் சிரிப்பீர்கள், அந்த மனிதரை இத்தனை வருடமும் உள்ளுக்குள் அரித்தது ஒரு பாண். சேர்பியர்களின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர் உண்டு. அவருடைய நாளில் வீட்டுக்காரர் விருந்து வைக்க வேண்டும். கழகங்களுக்கும் அப்படித்தான். இவர்களுடைய புனிதர் நிக்கொலாஸ். சாமி கொண்டாட்டம் கூடாதென்ற கம்யூனிஸ்டுகளின் காலத்தில் கழகச் செயலாளருக்குப் பிறந்தநாள் என்று பொய் சொல்லித் தொழிற்சாலைக் கன்ரீனில் கொண்டாடினார்களாம். அன்றைக்கு கோதுமை மாவில் சுட்ட வட்டப் பாண் ஒன்றைச் சிலுவைபோலக் கீறி, வைன் ஊற்றி, இரண்டாகப் பிய்ப்பார்கள். விருந்து வைத்தவர் ஒரு பாதியை நீட்டுவார். அதைக் கையில் வாங்குகிறவர்தான் அடுத்த வருடத்து வீட்டுக்காரர். ஊரைவிட்டு வருவதற்கு முந்தின டிசம்பரில் வாங்கியவர் மிர்க்கோ. வாங்கிய கையோடு ஓடிவந்துவிட்டார். கழகம் வீட்டுக்காரன் இல்லாமல் நின்றது.

ஆகவே வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் இருந்த அவருடைய அறையில் வருடா வருடம் அந்த விருந்து நடந்தது. என்னைக் கட்டின மனிசனும் நானும் போவோம், உங்களில் சிலரும் வந்திருக்கிறீர்கள். எங்கள் கோயிலில் நிக்கொலாஸ் திருநாள் முடிந்து கிட்டத்தட்ட இரண்டு கிழமைக்குப் பிறகுதான், அவர்களுடைய பழைய நாட்காட்டிப்படி, அவருடைய நிக்கொலாஸ் வருவார். "உங்கடை புனிதர் பஸ்ஸைத் தவறவிட்டிட்டாரோ?" என்று கேட்டுக்கொண்டுதான் நான் படியேறுவேன். நோன்பு காலம் என்பதால் இறைச்சி இல்லை, மீன்தான். அவித்த கோதுமையில் சீனியும் வால்நட்டும் கலந்து வைத்திருப்பார், அது எங்கள் சர்க்கரைப் பொங்கலுக்குத் தங்கச்சி முறை. பிறகு பாணைப் பிய்த்துத் தன் பாதியை நீட்டுவார். வாங்குவதற்குக் கழகத்து ஆள் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றுவிட்டு மேசையில் வைப்பார், அடுத்த வருடத்துக்கும் அவரே வீட்டுக்காரர்.

திங்கட்கிழமைகளில் உணவகம் பூட்டு. வியா மக்வேதாவிலிருந்து பிரிகிற ஒழுங்கையில் ஒரு தொலைபேசிக் கடை இருக்கிறதல்லவா, அங்கிருந்து ஊரிலிருக்கும் தங்கச்சி வெஸ்னாவுடன் கதைப்பார். வெளியே வருகிற முகத்தைப் பார்த்தே கழகம் தோற்றுவிட்டது என்று தெரிந்துவிடும். இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவு, அங்கிருந்து இன்னும் கீழே. "வீட்டுக்காரன் ஓடின வீடு இப்பிடித்தான் போகும்" என்பார். "பந்தடிக்கத் தெரியாட்டித் தோக்கத்தான் வேணும், அதுக்குப் பாண் என்ன செய்யும்?" என்று நான் சத்தம் போடுவேன். மிர்க்கோ சிரிக்கவே மாட்டார். அந்தப் பாதியை ஒருநாள் ஊருக்குக் கொண்டுபோய், கழகத்து ஆள் ஒருவரின் கையில் வைக்க வேண்டும், அதற்குப் பிறகு மறியலுக்குப் போனாலும் பரவாயில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன டிசம்பரில் ஒரு காரியம் நடந்தது. மிர்க்கோ நன்றாக மெலிந்திருந்தார். பாணை நீட்டிய கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் சாப்பாட்டை நீட்டினால் எங்கடை ஆட்கள் அதை அந்தரத்தில் நிற்கவிடுவோமா? எனக்குப் பொறுக்கவில்லை. கழகத்து ஆள்தான் வாங்க வேண்டும் என்று தெரியும், நான் வாங்கினால் அது வெறும் பாண்தானே என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கிவிட்டேன்.

மிர்க்கோவின் முகம் வெளுத்துப்போனது. "என்ன வேலை செய்தனீர், மரியா?"

"கை நோகுமே எண்டு வாங்கினன்."

"இனி நீர்தான் வீட்டுக்காரி."

"ஐயோ, அப்ப பிடியுங்கோ, திருப்பித் தாறன்."

"திருப்ப ஏலாது. ஆர் வாங்கினாலும் வாங்கினதுதான்."

என் மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். மன்னார்ப் பொம்பிளை சேர்பியாப் பந்துக் கழகத்துக்கு வீட்டுக்காரியாம்! மிர்க்கோவும் சிரிக்கத் தொடங்கினார், பாதியில் அது அழுகையாகிவிட்டது. "அந்த ஊரிலை எனக்கெண்டு மிஞ்சிக் கிடந்தது இது ஒண்டுதான். அதையும் வாங்கிப் போட்டீர்" என்றார். அடுத்த திங்கட்கிழமை வெஸ்னாவுக்கு விஷயத்தைச் சொன்னார், வெஸ்னா கழகத்தில் போய்ச் சொன்னா. அங்கே ஒருவரும் சிரிக்கவில்லையாம். "அந்தப் பொம்பிளைக்குப் பாண் சுடத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார்களாம். அதன் பிறகு சிஞ்ஞோராவின் போறணை அடுப்பில் மிர்க்கோ எனக்குப் பாண் சுடக் காட்டித் தந்தார். மா பிசைகிறபோது பக்கத்தில் நின்று கத்துவார். "இது கோல் கம்பமில்லை, சமையலறை, மெல்லக் கதையுங்கோ" என்று நான் திருப்பிக் கத்துவேன்.

இந்த வருடம் மார்ச்சில் அவருடைய நாட்டில் குண்டு விழத் தொடங்கியது. விமானங்கள் நாங்கள் வேலை செய்து சாப்பிடுகிற இந்த நாட்டிலிருந்துதான் எழும்பிப் போயின. மிர்க்கோ வேலைக்கு வந்தார், கிழங்கு உரித்தார். "மணி அடிக்குது மரியா, ஆரும் எடுக்கினமில்லை" என்பதுதான் அந்த நாட்களில் அவர் சொன்ன ஒரே வசனம். அந்த மணிச் சத்தம் உங்களுக்கும் தெரியும். எத்தனை பேர் அதே கடையில் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறோம்! குண்டு ஓய்ந்த பிறகுதான் வெஸ்னாவின் குரல் வந்தது. வீடு தப்பிவிட்டது. தொழிற்சாலை இல்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த மைதானத்தின் நடுவில் பெரிய பள்ளம். கழகம் புதிய பருவத்துக்குப் பதியவில்லை. மிர்க்கோ கடையை விட்டு வெளியே வந்து நடைபாதையில் அப்படியே குந்திவிட்டார். "வீட்டுக்காரி இருக்கிறா, மரியா. வீடுதான் இல்லை" என்றார்.

நவம்பரில் அவரைப் புதைத்தோம். அவருடைய மதத்துக் குருவானவர் கிடைக்கவில்லை, எங்கள் பாதர் தமிழில் செபம் சொன்னார். வேலைக்கு லீவு கேட்டு வந்து நின்ற அத்தனை பேருக்கும் நன்றி. வெஸ்னாவால் வர முடியவில்லை. அடக்கம் முடிந்ததும் நான் அதே தொலைபேசிக் கடைக்குப் போய் அவவுக்கு எடுத்தேன். முன்பு திரியெஸ்தேயில் வேலை செய்தவ, இத்தாலியன் கதைப்பா. அழுது முடித்துவிட்டு, "நீங்கள் இனிக் கரைச்சல்படவேண்டாம், மேரி. கழகமும் இல்லை, விளையாட ஆளுமில்லை. அண்ணையோடை அந்தப் பாணையும் விட்டிடுங்கோ" என்றா. நல்ல மனதோடுதான் சொன்னா. எனக்கென்றால் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதெப்பிடி விடுறது? வாங்கினது நான். டிசம்பரிலை விருந்து வைக்கிறன்."

வெஸ்னா, "திரும்ப ஒருக்கால் சொல்லுங்கோ" என்றா. சொன்னேன். துக்கம் விசாரிக்க வந்து அந்த வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு அதைத் தன் பாஷையில் உரத்துச் சொன்னா. யாரோ ஓர் ஆம்பிளை விம்மி அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஆகவே மிர்க்கோவை அறிந்த எல்லோரும் வருகிற டிசம்பர் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிய எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மீன்கறி உறைப்பாகத்தான் இருக்கும், குறைக்கச் சொல்ல இனி ஆளில்லை. கோதுமையை எல்லோரும் ஒரு கரண்டி எடுக்க வேண்டும், நின்றபடி. பிறகு நான் பாணைப் பிய்த்து என் பாதியை நீட்டுவேன், அது முறை. அந்த மனிசன் எனக்கென்று விட்டுப்போனது அது மட்டும்தான். கை நடுங்கினாலும் பார்த்துக்கொண்டு நில்லுங்கோ, ஒருத்தரும் பாவம் பார்த்து வாங்கிப் போடாதேங்கோ. எனக்கு அது இன்னும் கொஞ்சக் காலம் வேணும்.