சின்ன இன்ஃபெக்‌ஷனா? யாருக்கு?

கோபத்தோடு எழுதக் கூடாது என்பது இந்தப் பத்திக்கு நானே போட்டுக்கொண்ட விதி. இந்த வாரம் மீறுகிறேன். மன்னிக்க வேண்டாம்.

கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் தாகிர் என் நெடுநாள் நண்பர். மூன்று வருடங்களுக்கு முன் பெருங்குடல் கேன்சருக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். போன செவ்வாய்க்கிழமை அவரையும் அவர் மனைவி நூர்ஜகானையும் செக்கப்புக்குக் கூட்டிப்போனேன். அதே மருத்துவமனை. டாக்டர் மட்டும் புதியவர், இளைஞர். ஃபைலைப் புரட்டினார்.

“ஆபரேஷன் சக்ஸஸ். அப்புறம் சின்ன இன்ஃபெக்‌ஷன் வந்திருக்கு. சரியாயிருச்சு.”

நூர்ஜகான் எழுந்தே விட்டார். “சின்னதுன்னு யாரு சொன்னாக?”

நடந்ததைச் சொல்கிறேன். சின்னதா என்று நீங்களே பாருங்கள்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. கட்டியை வெட்டியெடுத்து, குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் நாலு பக்க டிஸ்சார்ஜ் தாள் — முழுக்க ஆங்கிலம். தாகிருக்குத் தமிழ் தெரியும். எஸ்டேட்காரர்களோடு பேசிப் பேசி மலையாளமும் தெரியும். நூர்ஜகான் எட்டாவது வரை படித்தவர். பிறகு யாருக்காக அந்தத் தாளை அடித்தார்கள்? பீரோவுக்காகவா?

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காய்ச்சல். வயிறு கல் மாதிரி இறுகிவிட்டது. தையலில் கசிவு, வாடை. நூர்ஜகான் மருத்துவமனைக்குப் போன் செய்தார். போனை எடுத்த பெண், டாக்டரிடம் கேட்கக்கூட இல்லை.

“ஆபரேஷன் பண்ணா காய்ச்சல் வரத்தாம்மா செய்யும். பாராசிட்டமால் குடுங்க. ரிவ்யூவுக்கு வந்தாப் போதும்.”

மனசு கேட்காமல், தாளைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். “அண்ணே, நீங்க படிச்சவுக. இதுல ஏதாச்சும் போட்ருக்கான்னு பாருங்க.”

நான் அல்லிநகரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன். முதல் பக்கத்தை மட்டும் பார்த்தேன். “எல்லாம் நார்மல்னுதாம்மா இருக்கு. பயப்படாத.”

என்ன ஒரு தைரியம் எனக்கு!

நாலாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது… காய்ச்சல், வயிற்று வலி, தையலில் சீழ் இருந்தால் உடனே வரவும். அதை நான் படித்தது நாலு நாள் கழித்து, ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து.

உள்ளே தைத்த இடம் விட்டுப்போயிருந்தது. வயிறு முழுக்கச் சீழ். இரண்டாவது ஆபரேஷன். வயிற்றில் துளை போட்டு, மலம் போக ஒரு பை. பிழைத்தார். அத்தோடு முடிந்ததா? ஒன்றரை மாதத்தில் தொடங்க வேண்டிய கீமோ, உடம்பு தேறாமல் நாலு மாதம் ஆனது. புண் ஆறிய இடத்தில் குடலிறக்கம். பையை எடுத்துவிட்டு மறுபடி தைக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஒரு வாழைத்தாரைத் தூக்க முடியாது. பெல்ட் கட்டிக்கொண்டு மண்டியில் உட்கார்ந்திருக்கிறார். பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிறவர், குனிந்தால் பை கசியுமோ என்று கடைசியில் நாற்காலி போட்டுத் தொழுகிறார்.

ஃபைலில் இதெல்லாம் அரை வரி! மருத்துவமனைக்கு வெற்றி என்பது லிஃப்ட் கதவு வரைக்கும்தான். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் நோயாளியின் தலையெழுத்து.

நூர்ஜகான் இத்தனையையும் சொல்லி முடித்தார். டாக்டர் தலை குனிந்தபடி, அன்று காலை எடுத்த ஸ்கேனைப் பற்றிச் சொன்னார். கல்லீரலில் ஒரு புள்ளி தெரிகிறதாம். மறுபடி கீமோ தொடங்க வேண்டுமாம்.

தாகிர் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு அந்த மருந்து நேரத்துக்கு ஏறியிருந்தா, இது வந்திருக்குமா?” என்றார் நூர்ஜகான்.

“உறுதியாச் சொல்ல முடியாதும்மா… வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம்.”

“அப்ப சின்னதுன்னு மட்டும் எப்படி உறுதியா எழுதுனீக?”

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இளைஞர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். கீமோவின்போது என்னென்ன வந்தால் ஓடி வர வேண்டும் என்று தன் கையாலேயே தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கீழே தன் நம்பரையும் போட்டுக் கொடுத்தார். ஐந்து நிமிடம்தான் ஆனது. மூன்று வருடத்துக்கு முன் அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைக்கவில்லையா?

திரும்பும்போது காரில் தாகிர், “விடு நூரு, அந்தப் புள்ள புதுசு” என்றார்.

“புதுசுன்னா? நாளைக்கு இன்னொருத்தருக்கும் சின்னதுன்னுதான சொல்லுவாக?”

மூன்று வருடமாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். “அந்த நாலாம் பக்கத்துல எழுதியிருந்துச்சும்மா. நாந்தான் படிக்கல.”

கார் சின்னமனூரைத் தாண்டியது.

“தெரியும்ணே” என்றார் நூர்ஜகான். “இவுக ஐ.சி.யூ.ல கெடந்தப்பவே வேறொருத்தர்ட்ட குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். நீங்களாச் சொல்லட்டும்னுதான் இருந்தேன்.”

ஆகவே வாசகர்களே, டிஸ்சார்ஜ் தாளைத் தமிழில் கேளுங்கள். வாசித்துக் காட்டும் வரை கட்டிலை விட்டு இறங்காதீர்கள். காய்ச்சல் வந்தால் நேரே போய் டாக்டர் முன்னால் நில்லுங்கள்.

பத்தி எழுதுகிறவனுக்குப் போன் போடாதீர்கள்.