அளவைத் திருப்பிச் சொன்ன குரல்

இது எனக்கு நடந்தது. இரவில் அல்ல, உச்சி வெயிலில். கேட்டதையெல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை. அதனாலேயே இதை எழுத இத்தனை நாள் தயங்கினேன்.

போன வருடம் கூமாப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், பல காலமாக உழாமல் மரம் அடைந்து கிடந்த ஒரு தனியார் நிலம் விலைக்கு வந்தது. அதை இயற்கை ஆய்வுக்கான காப்பிடமாக்கத் தகுமா என்று பார்க்க எங்கள் ஆய்வு நிறுவனம் என்னை அனுப்பியது. தகும் என்று முடிவானால் சுற்றி வேலி விழும். பிறகு பல வருடங்களுக்கு வெளியாள் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது.

வரப்பில் பாலம்மாள் காத்திருந்தார். அவருடைய கணவர் ஆண்டிச்சாமி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். மூன்று வருடங்களுக்கு முன் அவர் இந்தக் காட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. நிலத்தை விற்பது ஆண்டிச்சாமியின் அண்ணன்.

“வேலி போட்டுட்டா நான் எங்கிட்டு சார் தேட? நீங்க அடிக்கு அடி நடக்கப் போறிய. ஒரு எலும்பு, ஒரு கிழிஞ்ச துணி கெடச்சாக்கூடச் சொல்லுங்க. காரியத்தச் செஞ்சுட்டு ஒதுங்கிக்கிடுதேன்.”

சொல்கிறேன் என்றேன்.

எங்கள் வேலைக்கு ஒரு முறை உண்டு. காட்டுக்குள் நேர்கோடாக நடக்க வேண்டும். முன்னால் போகிறவர் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்படும் மரத்தின் பெயரையும் நெஞ்சு உயரத்தில் நாடாவால் அளந்த அதன் சென்டிமீட்டர் சுற்றளவையும் உரக்கச் சொல்வார். பின்னால் வருகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொள்வார். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் கோடு கோணிவிடும். பிற்பாடு சரிபார்க்க, என் கழுத்தில் ஒரு ரெக்கார்டர் தொங்கும்.

பின்னால் வந்தவன் முத்துக்குமரன். தளவாய்புரத்துக்காரன், வாய் ஓயாதவன்.

“உசிலை, அறுபத்து நாலு.”

“உசிலை, அறுபத்து நாலு. சார், இப்பிடி நெஞ்சச் சுத்தி அளந்தா மரமே கூச்சப்பட்டு நெளிஞ்சிரும்.”

“அதுக்குச் சட்டையா தைக்கப் போறோம்? எழுதுலே.”

மதியம் நெருங்கியபோது அவன் பேச்சு நின்றுபோனது. அளவு மட்டும் திரும்பி வந்தது. பசி போலும் என்று நினைத்தேன்.

சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தேன். சருகு நொறுங்கும் சத்தம்... என் காலடியில் மட்டும்.

“வாகை, தொண்ணூறு.”

“வாகை, தொண்ணூறு.”

அடுத்த மரத்தை நெருங்கினேன். நாடாவை இன்னும் எடுக்கவில்லை.

“கருங்காலி, நாற்பத்தொன்று.”

பின்னாலிருந்து.

நாடாவைச் சுற்றினேன். நாற்பத்தொன்று.

“முத்து, விளையாடாத.”

“முத்து, விளையாடாத.”

ஏற்ற இறக்கம் இல்லாத குரல். இப்போது பக்கத்தில்...

போன் அடித்தது. மணி 12.40. அழைத்தது முத்துக்குமரன்.

“சார், எங்க இருக்கிய? ஜீப்புல எம்புட்டு நேரமா காத்துக் கெடக்கேன்.”

“நீ எப்போ போனே?”

“முள்ளு ஏறிருச்சு, போறேன்னு சொன்னேம்லா? நீங்கதான ‘போ’ன்னிய.”

நான் சொல்லவில்லை.

திரும்பவில்லை. திசைகாட்டியை மட்டும் பார்த்து நடந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பின்னால் வந்தது வாய் திறந்தது.

“மனுசன்...”

பிடரியில் மூச்சு. அந்த வெயிலில், குளிர்ந்த மூச்சு.

என் நெஞ்சைச் சுற்றி ஏதோ இறுகியது.

“மனுசன், தொண்ணூற்றாறு.”

ஓடினேன்.

அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ரெக்கார்டரைப் போட்டுக் கேட்டேன். அந்தக் குரல் தெளிவாகப் பதிவாகியிருந்தது. அது ஆண்டிச்சாமியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். எலும்போ துணியோ எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வேலி போடுவதற்கு முன் ஒருமுறை ஆள் வைத்துத் தேட அனுமதி கேட்டேன். காரணம் கேட்டார்கள். என்ன எழுதுவது? மண்ணையும் நீரையும் பார்த்த குழுக்கள் நிலம் தகும் என்று சொல்லிவிட்டன. வேலி போட்டுப் பூட்டினார்கள்.

அதற்கடுத்த வாரம் அதே ஊரின் மடவார் வளாகம் பகுதியில் நான் தங்கியிருந்த அறைக்குப் பாலம்மாள் வந்தார். அவருக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. கணவரின் குரலாவது மிஞ்சட்டும் என்று அதைப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை அசையாமல் கேட்டார்.

“இது அவிய இல்ல, சார்.”

ரெக்கார்டரை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

“ஆனா இந்தக் குரல எனக்குத் தெரியும். அவிய காட்டுக்குள்ள போன அன்னைக்கு மதியம் சோத்துல கை வச்சிருந்தாவ. வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டது இதுதான். ‘இந்தா வாரேன்’னு கையக் கூடக் கழுவாம எந்திரிச்சுப் போனாவ.”